டிரெசர் மகளும் பேசாத பையனும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2001 ஜனவரியில் என் முதலாம் ஆண்டு வகுப்பில் 27 பிள்ளைகள். காலையில் பெயர் கூப்பிட்டால் 26 குரல்கள் வரும். ஜன்னலோரம் மூன்றாம் மேசையில் இருந்தவன் மட்டும், பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்பான், உதடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு கைகளும் காற்சட்டைத் தையலைப் பிடித்திருக்கும். முதல் இரண்டு நாள், புதுப் பள்ளிக்கூட மிரட்சி என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள், “உனக்கு வாய் இல்லையா?” என்று கேட்டேன். நான்காம் நாளிலிருந்து, பதில் சொல்கிறவரை நிற்கட்டும் என்று நிற்கவைத்தேன். பதினொரு நாள் நின்றான். பன்னிரண்டாம் நாள் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அப்போதும் அவனிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

இந்த ஆய்வை எழுதுகிறவன் எங்கோ தள்ளி நின்று பார்த்தவன் அல்லன் என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன். மருத்துவக் குறிப்பில் “சூழல்” என்று ஒரு பகுதி இருக்குமே, அதில் நானும் இருக்கிறேன்.

பையனின் பெயரை எழுதவில்லை. தம்பி என்றே குறிப்பிடுகிறேன். ஊரின் பெயரும் இல்லை. இங்கே எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் உறவு. ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான். அவனைப் பார்த்த டாக்டரின் பெயரும் அதே காரணத்தால் விடுபட்டிருக்கிறது. தம்பிக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. எழுதலாம் என்று சொன்னவனே அவன்தான்.

ஊரும் வீடும்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். ஒரு பெரிய தெரு, இரண்டு வரிசைக் கடைகள், இரயில் நிலையம், மாரியம்மன் கோவில், மூலையில் சீனர் காப்பிக் கடை. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை. 1957-இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டித்தான். குறைந்தவற்றில் பல, தோட்டம் கலைந்ததும் பிள்ளைகள் இல்லாமல் போனவை. எங்கள் பள்ளி பட்டணத்தில் இருந்ததால் தப்பியது. கலைந்த தோட்டங்களின் பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

தம்பியின் குடும்பமும் அப்படி வந்ததுதான். மூன்று தலைமுறை ஒரே தோட்டம். 1999-இல் தோட்டம் கைமாறியது, லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இடிபட்டது, பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை வீடு ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்பா லாரி ஓட்டுநர். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அக்காள் எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பாட்டி, தோட்டத்து ஆயாக்கொட்டகையில் 22 வருடம் ஆயாவாக இருந்தவர். பால் வெட்டப் போன தாய்மார்களின் பிள்ளைகளை விடியற்காலை இருட்டில் வாங்கித் தொட்டிலில் போட்டு வளர்த்தவர் என்பதால், பிள்ளை வளர்ப்பில் அவருக்கு யாரும் பாடம் சொல்ல முடியாது. இந்த ஆய்வுக்கு அது முக்கியம்.

வீட்டில் தம்பி வாயாடி. கோழியை விரட்டுவான், அக்காளைக் கேலி செய்வான், பாட்டியை வெற்றிலை போடவிடாமல் கேள்வி கேட்பான். 2000-ஆம் ஆண்டு முழுவதும் மலாய் மொழிப் பாலர் பள்ளி ஒன்றுக்குப் போனான். ஒரு சொல் விளங்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. பழகிவிடும் என்றார்கள். மறுவருடம் தமிழ்ப் பள்ளிக்கு வந்தான். இங்கே எல்லாம் விளங்கியது. ஆனாலும் பேசவில்லை. என்னைக் குழப்பியதும் அதுதான்: மலாய் தெரியாமல் வாய் மூடியிருந்தவன், தமிழில் ஏன் மூடியிருக்க வேண்டும்?

ஆளுக்கொரு பதில் இருந்தது. அப்பாவுக்குத் திமிர். எனக்குப் பிடிவாதம். அண்டை வீட்டாருக்கு ஊமை. பாட்டிக்கு, யாரோ செய்துவிட்ட வாய்க்கட்டு. கோவிலுக்கு வெள்ளியில் நாக்கு உரு செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் ஒருவர் பாதி விளையாட்டாக, “தஞ்சோங் ரம்புத்தானில் காட்டச் சொல்லுங்கள்” என்றார்.

எங்கள் பேராக் மாநிலத்தில் இந்தப் பெயர் இடத்தின் பெயர் மட்டுமன்று, வசை. 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்குப் பிற்பாடு ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை. திட்டுவதற்குப் பழைய பெயர்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் டாக்டரின் கிளினிக் பலகையில் ‘மனம்’ என்ற சொல்லே இல்லாததற்கும் அதுதான் காரணம். ‘பிள்ளைகள் நலக் கிளினிக்’ என்று மட்டும் இருந்தது. ஊர் அதையும் விடவில்லை. ‘ரம்புத்தான் டாக்டர்’ என்றது.

டாக்டர்

அவர் பிறந்தது 1944-இல், தம்பியின் குடும்பம் இருந்த அதே தோட்டத்தில். ஆனால் லயத்தில் அன்று. அப்பா தோட்டத்து டிரெசர். இளையவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். தோட்ட ஆஸ்பத்திரியை நடத்துகிற மருத்துவ உதவியாளர் டிரெசர். படித்த டாக்டர் எப்போதாவது சுற்றி வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பிரசவத்துக்கு ஆள், எல்லாம் இவர்தான். நோயாளி இன்று வேலைக்குப் போகலாமா கூடாதா என்று எழுதுவதும் இவர்தான். அந்த எழுத்தில் ஒரு நாள் கூலி இருந்தது.

மேட்டில் துரை பங்களா. நடுவில் கிராணி (தோட்ட எழுத்தர்) வீடும் டிரெசர் வீடும். பள்ளத்தில் லயம். நடு வீடுகளில் குழாய் வீட்டுக்குள் இருந்தது. லயத்தில் வரிசைக்கு ஒன்று. லயத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போகக் கூடாது என்பது டிரெசர் வீட்டுச் சட்டம். ஆங்கிலப் பள்ளிக்கு ஈப்போவுக்குப் பஸ்ஸில் போனார். மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவப் புலத்தில் 1964-இல்தான் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளின் மாணவிகளில் இவரும் ஒருவர். பட்டம் பெற்று, பெரியவர்களுக்கான மனநல வார்டுகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது ஒன்றைக் கவனித்ததாகச் சொல்வார்: நாற்பது வயது நோயாளியிடம் எப்போது தொடங்கியது என்று பொறுமையாகக் கேட்டால், கதை பள்ளிக்கூடத்தில் போய் நிற்கும்.

1970களில் அரசாங்கச் செலவில் லண்டனுக்குப் போனார். குழந்தை மனநல மருத்துவம் அங்கேயே அப்போதுதான் தனித் துறையாகக் காலூன்றிக்கொண்டிருந்தது. மைக்கேல் ரட்டர் பிரிட்டனின் முதல் குழந்தை மனநலப் பேராசிரியரானது 1973-இல். அதற்கு முன்பே, 1960களின் நடுவில், ரட்டரும் கூட்டாளிகளும் இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் 10, 11 வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் கணக்கெடுத்திருந்தார்கள். ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள், ஆசிரியருக்கு ஒரு கேள்வித்தாள். பெற்றோர் தாளில் அகப்பட்ட பிள்ளைகளும் ஆசிரியர் தாளில் அகப்பட்ட பிள்ளைகளும் பெரும்பாலும் வெவ்வேறு பிள்ளைகள். டாக்டர் தம் வேலைக்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு முடிவைத்தான். வீட்டுப் பிள்ளை வேறு, பள்ளிப் பிள்ளை வேறு. இருவரும் ஓர் உடம்பில் போய்வருகிறார்கள்.

லண்டன் வாழ்வைத் துறந்து நாட்டுக்காகத் திரும்பினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பொன்னாடை போர்த்தும் கூட்டங்களுக்கு அது வசதியான கதை. அவரிடம் ஒருமுறை நானே கேட்டேன். “ஒப்பந்தம் இருந்தது, சார். திரும்பாவிட்டால் ஜாமீன் போட்ட மாமா பணம் கட்டியிருக்க வேண்டும்” என்றார். திரும்பி வந்து கோலாலம்பூரில் இருபது ஆண்டு. நாட்டில் இந்தத் துறை படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. வாரத்தில் ஒரு நாள் கிளினிக் என்று தொடங்கி, மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்து, தாதியருக்குப் பயிற்சி கொடுத்து ஒரு பிரிவாக ஆக்கினார். 1999-இல் 55 வயதில் ஓய்வு. தலைநகரிலேயே தனியார் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் ஊரில் துணிக்கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். இந்தத் திரும்புதலுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை. ஒரு பகுதி எனக்குத் தெரியும், பின்னால் வருகிறது.

காட்டிய நாள்

மார்ச் கடைசியில் தம்பியை அழைத்துப் போனோம். அதற்குள் ஈப்போவில் காது சோதித்தாகிவிட்டது, குறையில்லை. டாக்டர் முதலில் கேட்டது பேச்சைப் பற்றி அன்று. “சிறுநீர் கழிக்க எப்படிக் கேட்கிறான்?” என்றார். நான் விழித்தேன். கேட்பதில்லை, காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று அக்காள்தான் சொன்னாள். டாக்டர் மேசையிலிருந்த அட்டையில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டு வெட்டி, சிவப்பு மையால் தீட்டித் தம்பி கையில் கொடுத்தார். “இதை மேசையில் வைத்துவிட்டு நீ போகலாம். சார் ஒன்றும் கேட்கமாட்டார்.” மறுநாள் அட்டை இரண்டு முறை மேசைக்கு வந்தது. மூன்று மாதத் தொல்லை ஒரே நாளில் தீர்ந்தது. பதினொரு நாள் நிற்கவைத்தவனுக்கு இது உறைத்தது என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

பிறகு எனக்கு ஒரு கேள்வித்தாள். ரட்டரின் பழைய தாளுக்குப் பின் வந்தது. 1997-இல் குட்மன் என்பவர் அமைத்த 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். கேள்விகளை அவரே தமிழில் படித்துக் காட்ட, நான் குறித்தேன். முடிந்ததும் கூட்டிப் பார்த்து, “உங்கள் கணக்கில் இவன் நல்ல பிள்ளை, சார்” என்று சிரித்தார். உண்மைதான். சண்டை இல்லை, திருட்டு இல்லை, ஓட்டம் இல்லை. அந்தத் தாளில், சொன்ன பேச்சைக் கேட்கிறவனா என்று கேள்வி உண்டு. பேசுகிறவனா என்று கேள்வி இல்லை. 2015 தேசிய சுகாதார ஆய்வு இதே தாளை வைத்துத்தான், நம் நாட்டில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 12.1 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கிலும் சத்தம் போடாத சில பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று எனக்கொரு சந்தேகம்.

ஆட்டிசமா என்றும் பார்த்தார். வீட்டில் அக்காளோடு கற்பனை விளையாட்டு இருந்தது, சுட்டிக் காட்டுவது இருந்தது, முகம் பார்ப்பது இருந்தது. அதன்று. மொழி தெரியாத மௌனமா? அப்படியானால் தமிழ்ப் பள்ளியில் அவிழ்ந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறு மொழி என்று வளரும் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மலாய்ப் பாலர் பள்ளி தொடங்கிவைத்திருக்கலாம், ஆனால் அது காரணம் முழுவதும் அன்று. பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. தம்பிக்கு ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது. ஓரிடத்தில் பேசி, இன்னோர் இடத்தில் பேச முடியாமல் போகும் பதற்றக் கோளாறு என்று முடிவு செய்தார்.

இதற்கு இருக்கும் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1877-இல் குஸ்மவுல் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைத் தானே விரும்பிப் பேசாதிருத்தல் என்றார். 1934-இல் சுவிட்சர்லாந்தின் டிராமர் வைத்த பெயரிலும் பிள்ளை பேசாமையைத் தேர்ந்துகொள்கிறது என்ற பொருள்தான். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெயரை ‘செலக்டிவ் மியூட்டிசம்’, அதாவது சில இடங்களில் மட்டும் பேசாமை, என்று மாற்றியது. 2013-இல்தான் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. ஏறக்குறைய 120 ஆண்டுகள் மருத்துவ உலகமும் என்னைப் போலவே, பையன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்திருக்கிறது. பாட்டியின் சொல் இவை எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில் இருந்தது. வாய்க்கட்டு என்றால் கட்டுண்டவன் மேல் குற்றம் இல்லை. டாக்டர் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். “கட்டுத்தான், அக்கா. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும்” என்றார். குறிப்பேட்டில் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்களிடம் கடைசிவரை ‘கட்டு’ என்றுதான் பேசினார்.

மருந்து உடனே வேண்டாம், ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். வேண்டியிருக்கவில்லை.

பாட்டி கோபித்துக்கொண்டது

டாக்டரின் தவறும் இதில் உண்டு. முதல் நாளிலேயே பாட்டியிடம், “யாராவது இவனைக் கேள்வி கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறீர்கள். இனி சொல்லாதீர்கள்” என்றார். மருத்துவப்படி சரி. பிள்ளை தவிக்கிறான், பெரியவர் கைகொடுக்கிறார், தவிப்பு தீர்கிறது, பேசாமலிருப்பதே வசதியாகிவிடுகிறது. ஆனால் 22 வருட ஆயாவிடம், பேரன் வாயை அடைத்தது நீதான் என்று சொன்னது போல அது விழுந்தது. அடுத்த இரண்டு சனிக்கிழமை அவர்கள் வரவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை டாக்டர் என் காரில் ஏறிக்கொண்டார். பாட்டி வாசலில் நின்றபடியே, “டிரெசர் ஐயா மகள்தானே நீங்கள்?” என்று கேட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. 1957-இல், சுதந்திரம் கிடைத்த வருடம், தமக்குக் கடுங்காய்ச்சல் வந்ததாம். டிரெசர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கொடுக்கும் அதே வெள்ளை மிக்சரைக் கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். பால் தூக்கிக்கொண்டு வரும் வழியில் மயங்கி விழுந்தார். இரண்டு வாளிப் பாலும் மண்ணோடு போனது. கூலியும் போனது. நாற்பத்து நான்கு வருடம் கழித்து அந்த வாளிகளின் கணக்கை வாசலில் நின்று சொன்னார்.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அப்பாவுக்காகப் பரிந்து பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “ஆஸ்பத்திரி நோட்டில் இரண்டு பத்தி இருக்கும், அக்கா. வேலைக்கு உண்டு, வேலைக்கு இல்லை. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு நான்தான் கோடு போட்டுக் கொடுப்பேன். உங்கள் பெயர் எழுதிய பக்கத்தில் கோடு நான் போட்டதாகவும் இருக்கும்” என்றார்.

பாட்டி உள்ளே போய்த் தேநீரோடு வந்தார். அவ்வளவுதான். இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசி நான் கேட்டதில்லை. சொந்த ஊருக்குத் திரும்பியவர் என்று நாம் ஒருவரைப் பாராட்டும்போது, ஊரில் எந்த வீட்டுக்கு என்று கேட்பதில்லை. பள்ளத்தில் இருந்தவர்களுக்கு மேட்டு வீடுகள் ஒவ்வொன்றும் நினைவில் இருக்கின்றன. டாக்டர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்த நாளைத்தான் அவர் ஊர் திரும்பிய நாள் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

கடன் புத்தகம்

அன்று டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு, சட்டைப் பையில் அடங்கும். மளிகைக் கடையில் கடன் எழுதுவது அதில்தான். பாட்டி பார்த்ததும், “யாருக்கு யார் கடன்?” என்றார்.

ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் பள்ளி. தம்பி யாரோடு, எந்த இடத்தில் பேசினான் என்று அக்காள் குறிக்க வேண்டும். சத்தமாகப் பேசினால் முழு வட்டம். முணுமுணுத்தால் அரை வட்டம். தலையாட்டினால் புள்ளி. ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லை. ஒன்பது வயதுப் பெண் கணக்குப்பிள்ளை போல உட்கார்ந்து எழுதினாள். ஏப்ரல் பக்கங்களில் இடப்பக்கம் வட்டமாக நிறைந்திருக்கிறது. வலப்பக்கம் வெறும் தாள். ஓரிடத்தில் மட்டும் ஒரு புதுமை: பள்ளி வாசலுக்கு வெளியே, ஐஸ்காரர் அருகில், அக்காளிடம் அரை வட்டம். டாக்டர் அந்த அரை வட்டத்தைப் பென்சிலால் சுற்றினார். சுவர்தான் எல்லை, ஆள் அன்று என்று அதிலிருந்து பிடித்தார்.

மே மாதம் ஒரு கேசட் ரெக்கார்டர் கொடுத்தனுப்பினார். வீட்டில் விளையாடும்போது பதிய வேண்டும். அதை சார் கேட்கலாமா என்று தம்பியைக் கேட்டு, அவன் தலையசைக்க ஒரு வாரமானது. அதன் பிறகுதான் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

பாத்திரச் சத்தம், கோழிச் சத்தம். பிறகு ஒரு கனத்த குரல்: “அமைதி! அமைதி!” கனத்த குரலாக நடிக்கும் சின்னக் குரல். பள்ளிக்கூட விளையாட்டு. பெயர் கூப்பிடுகிறான். 27 பெயர்களும் என் பதிவேட்டு வரிசையில், ஒன்றும் மாறாமல். பத்துப் பெயருக்கு ஒருமுறை நான் செருமுவேன், அதுவும் இருந்தது. தன் பெயரைக் கூப்பிட்டான். நிறுத்தினான். பிறகு என் குரலில், “உனக்கு வாய் இல்லையா?” அக்காள் வெடித்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேசட்டை நிறுத்திவிட்டு, “ஞாபக சக்தி நன்றாக இருக்கிறது” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமைகள்

ஜூன் விடுமுறை முடிந்ததும் வேலை பள்ளிக்கு நகர்ந்தது. சனிக்கிழமை காலை வெற்று வகுப்பறையில் பாட்டியும் தம்பியும் அக்காளும் உட்கார்ந்து பாம்பு ஏணி ஆட வேண்டும். கட்டை உருட்டினால் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாட்டிக்கு ஆயாக்கொட்டகைக் குரல். மூன்று வகுப்புக்குக் கேட்கும். முதல் வாரம் நான் பள்ளி வேலிக்கு வெளியே காரில் இருந்தேன். தம்பி முதலில் உதட்டை மட்டும் அசைத்தான், கடைசி ஆட்டத்தில் சத்தம் வந்தது என்று அக்காளின் வட்டங்கள் சொல்கின்றன. அடுத்த வாரம் நடைகூடத்தின் கடைசியில் நாளிதழ் படித்தேன். அடுத்த முறை இரண்டு வகுப்பு தள்ளி. பிறகு வாசலுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு. நான் ஓரடி நெருங்கும்போது குரல் தணியும். அது பழையபடி ஏறும்வரை அடுத்த அடி வைக்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது, முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது, பேசினால் பாராட்டக் கூடாது. ஆசிரியருக்கு இவை மூன்றும் இல்லாமல் கையும் ஓடாது காலும் ஓடாது.

ஜூலை 14, நானும் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். தம்பி எண்களை அக்காள் காதில் சொன்னான். எனக்கு ஐந்து விழுந்தது. கண்ணாடி போடாமல் இருந்ததால் பாம்பின் வாயைக் கவனிக்காமல் காயை அங்கேயே வைத்துவிட்டு, கட்டையைப் பாட்டியிடம் நீட்டினேன்.

“அது பாம்பு, சார்.”

சொன்னவன் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காயைக் கீழே இறக்கினேன். பாட்டி கட்டையை உருட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே தப்பாக நகர்த்தினீர்களா என்று டாக்டர் பிறகு கேட்டார். அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தால் ஜனவரியிலேயே பிழைத்திருப்பேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. பத்து நாள் கழித்து, கணக்குப் பாடத்தில் தம்பி பக்கத்துப் பையனுக்கு விடையை முணுமுணுத்தான். எனக்குத் தாங்கவில்லை. “தம்பி பேசிவிட்டான், எல்லாரும் கைதட்டுங்கள்!” என்றேன். 26 பிள்ளைகளும் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மறுநாளிலிருந்து பக்கத்துப் பையனிடமும் இல்லை. சனிக்கிழமையும் வர மறுத்தான். மூன்று வாரத்துக்கு வலப்பக்கம் மறுபடி வெறும் தாள்.

டாக்டர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டுமே. “பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதுதான் அவன் பயம். ஆமாம், பார்ப்பார்கள் என்று நீங்கள் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள்.” மறுபடி வேலிக்கு வெளியே காரிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை விரைவாகவே வந்தான்.

அதன் பிறகு

நவம்பரில் பள்ளி முடிந்தபோது தம்பி என்னோடும் நான்கு பிள்ளைகளோடும் மெதுவாகப் பேசினான். 2002 ஏப்ரலில் இரண்டாம் ஆண்டு வகுப்பில், “உள்ளேன் ஐயா” என்றான். அந்த வகுப்பு என்னுடையது அன்று, அவ்வாசிரியர் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போனார். அவரிடம் முன்கூட்டியே அப்படிச் சொல்லிவைத்திருந்தோம். மலாய் வாய்மொழித் தேர்வு நான்காம் ஆண்டுவரை இடறியது. மேடைப் பேச்சாளனாகவெல்லாம் ஆகவில்லை. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான், தேவைக்குப் பேசுகிறான்.

இந்த முறையின் பலவீனத்தையும் எழுத வேண்டும். சனிக்கிழமை காலை ஓய்வாக இருக்கும் பாட்டி, எழுதத் தெரிந்த அக்காள், பள்ளிச் சாவி உள்ள ஆசிரியர், கட்டணம் கேட்காத டாக்டர் என்று நான்கு பேர் ஒரே பிள்ளைக்கு அமைந்தார்கள். அதே ஆண்டு இன்னொரு பெண் குழந்தைக்கும் இதே கட்டு. அப்பா இல்லை, அம்மாவுக்கு இரவு ஷிப்டு. மூன்று வாரம் வந்தாள். பிறகு கிள்ளான் பக்கம் குடிபோய்விட்டார்கள். டாக்டர் முகவரி விசாரித்துக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. அந்தப் புத்தகத்தின் முதல் நான்கு பக்கம் மட்டும் நிரம்பியிருந்தது.

மாடிக் கிளினிக் பத்து வருடம் நடந்தது. துணிக்கடை இப்போது கைத்தொலைபேசிக் கடை. மாடியில் யாரும் இல்லை. கண் பார்வை குறைந்ததும் டாக்டர் கிளினிக்கை மூடினார். மூடுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு அவரவர் 555 புத்தகத்தைக் கையில் கொடுத்தார். “பற்று வரவு முடிந்தது” என்று பாட்டியிடம் சொன்னாராம். இருவரும் இப்போது இல்லை.

இதை எழுதி முடித்ததும் தம்பியிடம் கொடுத்தேன். என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, ஒரு சொல் பேசாமல் கடைசிவரை படித்தான். நான் உற்றுப் பார்க்காமல் நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டேன். தாள்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, “ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள், சார். அன்றைக்கு உங்களுக்கு விழுந்தது ஐந்து” என்றான்.

அவன் கொண்டுவந்திருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஜூலை 14, வலப்பக்கம், அக்காளின் கோணல் எழுத்தில்: சார் 5. அதன் கீழே ஒரு முழு வட்டம்.